கடனீரேரியின் குழந்தைகள்

மாரிமழை ஓய்ந்து வாடைக்காற்றுத் தணியத் தொடங்கும் நாள்களில் யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையோரமாக நடந்து செல்வோர், நீர் விளிம்பிலே மிக நுண்ணிய அசைவொன்றைக் காணலாம். கண்ணாடிச் சில்லு போன்ற உடல். கடுகினுஞ் சிறிய இரு கருங்கண்கள். நம் நிழல் பட்டதும் பின்னோக்கித் துள்ளி மறைந்துவிடும். அவை இறாற் குஞ்சுகள். உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் சென்ற ஒரு மாலையில், முழங்காலளவு நீரிலே சாதாளைகளினூடே சிறு கைவலையொன்றை ஒருமுறை இழுத்து, அகப்பட்டவற்றை வெண்ணிறத் தட்டொன்றிற் கொட்டி எண்ண முற்பட்டோம். இறால், ஓரா, திரளி, பெயர் காண இயலாத இன்னும் பல. பெரும்பாலானவை விரல் நகத்தளவினவே. எண்ணி முடியுமுன் மாணவனொருவன் கேட்டான்: “சேர், இவ்வளவும் வளர்ந்தால் கடல் கொள்ளுமோ?”

பரீட்சை வினாத்தாளில் இடம்பெறாத கேள்விதான். ஆயினும் சார்ள்ஸ் டார்வினின் சிந்தனையைத் தூண்டிய கேள்வியும் ஏறக்குறைய இதுவே. விலங்குகளுள் மிக மெதுவாகப் பெருகுவது யானை எனக் கருதிய அவர், ஒரு சோடியின் வழித்தோன்றல்கள் அழிவின்றிப் பெருகினால் 740 முதல் 750 ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் யானைகள் உலகில் இருக்கும் எனக் கணக்கிட்டார். யானைக்கே இவ்வாறெனின், ஒரே தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சொரியும் இறாலுக்கு என்ன சொல்வது? சில தலைமுறைகளிலேயே கடலில் நீருக்கு இடமிராது. அவ்வாறு நிகழவில்லை. நீண்டகால நோக்கில் ஓரினத்தின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்குமாயின், ஒரு தாய் தன் வாழ்நாள் முழுவதும் இட்ட முட்டைகளுள் சராசரியாக இரண்டே முதிர்ச்சியடைகின்றன என்பது பொருள்; தாய்க்கு ஈடாக ஒன்று, தந்தைக்கு ஈடாக ஒன்று. இதனைக் கூறியபோது மாணவர் முகங்கள் சற்று வாடின. தட்டிலே துள்ளியவற்றை அவர்கள் வேறு கண்ணோடு பார்க்கலாயினர்.

இறாலின் இளமைப் பயணம் வியப்புக்குரியது. தாய் இறால் முட்டையிடுவது கடனீரேரியில் அன்று; வெளிக்கடலில். முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளிவரும் உயிருக்கு இறாலின் சாயல் சிறிதுமில்லை. முதற் பருவத்தில் அது எதனையும் உண்பதில்லை. கூடவே கொண்டுவந்த மஞ்சட்கருவே அதன் கட்டுச்சோறு. பலமுறை தோலுரித்து, ஒவ்வோர் உரிப்பிலும் உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் அரை அங்குலமும் நிரம்பாத குஞ்சாகின்றது. பின்னர், வற்றுப்பெருக்கின் துணைகொண்டு, பெரும்பாலும் இரவு வேளையில், பெருகும் நீரோடு கடனீரேரிக்குள் நுழைகின்றது. அங்கே சில மாதம் உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பி இனம் பெருக்குகின்றது. அதன் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே. திசைகாட்டியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை; எனினும் வழி தவறாது வந்துசேர்கின்ற குஞ்சுகள் ஆண்டுதோறும் இருக்கவே இருக்கின்றன.

கட்டுச்சோறு தீரும் அந்த வேளையே நெருக்கடியான வேளையென வற்புறுத்தியவர் நோர்வே நாட்டு அறிஞரான யொஹான் ஹ்யோர்ட். அந்நாட்டு மீனவரின் வலைகள் சில ஆண்டுகளில் நிறைவதும் சில ஆண்டுகளில் வெறுமையாவதும் ஏன் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். மரத்தின் வளையங்களைப் போன்று மீனின் செதிலிலும் வளையங்கள் உள. அவற்றைக் கொண்டு வயதறியலாம். அவ்வாறு பார்த்தபொழுது, 1904ஆம் ஆண்டிற் பிறந்த ஹெரிங் மீன்களே பின்னர் பல ஆண்டுகள் அந்நாட்டு வலைகளை நிறைத்தமை தெரியவந்தது. முட்டையிடும் தாய்களின் தொகையைவிட, குஞ்சு முதன்முதல் வாய் திறக்கும் வேளையில் இரை கிட்டுகின்றதா, நீரோட்டம் அதனை எங்கே கொண்டு செல்கின்றது என்பனவே பெரிது என அவர் 1914இல் எழுதினார். இன்று அக்கருத்துடன் வேறு பல காரணங்களையும் சேர்த்துப் பேசுகின்றனர். ஆயினும் ஒன்று உறுதி: மிகச் சிறிய பருவத்திலேதான் சாவு மிகப் பெரிது. வளர வளர, விழுங்கக்கூடிய வாய்கள் குறைகின்றன.

ஆதலால் குஞ்சுக்கு வேண்டியவை இரண்டு: விரைந்து வளர உணவு, வளருமட்டும் ஒளிய இடம். ஆழங்குறைந்த கடனீரேரி இரண்டையும் தருகின்றது. கடற்புல்லும் சாதாளையும் அடர்ந்த தரையும், கண்டலின் தாங்கு வேர்களும், கண்ணாவின் சுவாச வேர்களும் பெரிய மீன் புகமுடியாத வேலிகளாகின்றன. உதிர்ந்த இலைகள் உக்கி, நுண்ணுயிர்கள் பெருகி, குஞ்சுகளின் இரைக்கு அடியுரமாகின்றன. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் தம் பங்கைக் கொத்திச் செல்லவே செய்யும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் வழக்கத்தில் அப்பங்கும் அடங்கியதே.

கணக்கில் அடங்காதது சிறுகண் வலை. கொக்கு ஒவ்வொன்றாகக் கொத்தும். அவ்வலையோ அந்த இடத்துத் தலைமுறையையே வாரிச் செல்லும். அன்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரொருவருடன் இது பற்றிப் பேசினோம். “மாஸ்டர், நீங்கள் சொல்லுறது எனக்கும் தெரியும். நான் பெரிய கண் வலை போட்டால், பின்னால வாறவன் சின்னக் கண் வலையால அள்ளிக்கொண்டு போவான். என்ரை பிள்ளையளும் சாப்பிட வேணுமே?” என்றார். உயிரியற் பாடநூலில் இதற்கு விடையில்லை. சந்தையில் கூறுகட்டி வைத்த சின்ன இறாலை மலிவு கருதி வாங்கும் ஏழைத் தாயையும் குறைகூற மனம் வரவில்லை. ஒருவர் தனித்து நல்லவராயிருந்து பயனில்லாத இடங்களுள் இதுவும் ஒன்று. சட்டமும் ஊரும் சேர்ந்தே காக்கவேண்டும். கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகளின் வருகை ஓயவில்லை.

அரசு கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டமொன்றை 2015இல் அறிவித்தது. கண்டல் நடுவதில் மாணவருக்கும் ஆர்வம் மிகுதி. சேற்றில் இறங்க யாருக்குத்தான் விருப்பமில்லை! ஆயினும் இலங்கையில் 23 இடங்களிற் செய்யப்பட்ட நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரையொன்று, நட்ட பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தழைத்ததெனக் காட்டியது. கன்றுகளை எப்போதும் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டுவிடுவது ஒரு காரணம். நட்டபின் திரும்பிப் பாராதது மற்றொன்று. வற்றின்போது நீர் விலகி, வேர் சற்றே மூச்சுவிடும் மேட்டில்தான் இளங்கண்டல் நிலைக்கும். எங்கே நடலாம் என மாணவர் கேட்டபோது, அந்த முதியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து, நீர் எதுவரை வற்றும், எதுவரை ஏறும் என்பதைத் தம் காலாற் சேற்றிலே கோடிட்டுக் காட்டினார்.