பந்தலுக்குக் கீழே நிற்கிறவன்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும். அடிச்சாம்பல் நோய் வெள்ளை வெள்ளையாய்ப் பூப்பது இலையின் அடிப்பக்கத்தில். ஆகவே மருந்தடிக்கிறவன் பந்தலுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, மேலே பார்த்து அடிக்க வேண்டும். இலை குடித்தது போக மிச்சமெல்லாம் அவன் முகத்திலும் நெஞ்சிலும் இறங்கும். அப்படி நிற்கிறவர்களில் எங்கள் சேரி ஆட்கள்தான் அதிகம். எங்கய்யா இருபது வருசம் நின்றார். தலையில் ஒரு துண்டு, அதுதான் கவசம். “சோத்துல கைய வச்சா செம்பு நாத்தம்டா” என்பார்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்கு ஒரு கதை இருக்கிறது. பிரான்சில் போர்டோ பக்கம், வழியில் போகிறவர்கள் பழம் பறித்துத் தின்னாதபடி, சாலையோரக் கொடிகளில் இதைத் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885இல் எழுதினார். பசித்தவனை விரட்டக் கலக்கியதுதான் மருந்தானது! நமக்கு இதில் ஆச்சரியமில்லை.

அதே கலவையை வருசக்கணக்கில் அடித்த போர்ச்சுகல் தோட்டத் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டுப்போனதை 1969இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நோய்க்கு அவர்கள் வைத்த பெயரே ‘திராட்சைக்கு மருந்தடிப்பவர் நுரையீரல்’ என்பதுதான். நம் பள்ளத்தாக்கில் இருமுகிறவனைப் பார்த்து, “பீடியை விடுப்பா” என்கிறார்கள்.

இத்தனை மருந்து ஏன் வேண்டியிருக்கிறது? நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய இனம். அடிச்சாம்பலோ அமெரிக்காவிலிருந்து வந்தது. 1878இல்தான் பிரான்சுக்குள் நுழைந்தது. அதற்கு முன் அந்த நோயைப் பார்த்தறியாத கொடிக்கு அதைத் தடுக்கும் வழி தெரியாது. அமெரிக்கக் காட்டுக் கொடிகள் பல அந்த நோயோடேயே வளர்ந்தவை. பூசணம் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களைச் சாகவிட்டு, அது மேலே பரவாமல் வழியடைத்துவிடும். அந்தக் குணத்தை ஒட்டுச் சேர்க்கையால் நல்ல பழத்துக்குள் கொண்டுவருவதுதான் எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் எடுப்பது. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் அமெரிக்க வழியில் வந்த கட்டாபாவையும் பியூட்டி சீட்லெஸையும் சேர்த்து ஏ.ஆர்.ஐ.-516 என்ற ரகத்தை எடுத்தது. பூசண நோய்களைத் தாங்கும், சாற்றுக்கு நல்லது என்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் சிபாரிசு ஆகியிருக்கிறது.

ஆனால் அது பன்னீர் ஆகாது. அமெரிக்கக் கொடியோடு சேர்த்தால் அதன் காட்டு வாடையும் கூட வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்துக்குப் பெருமையே வாசமும் வருசம் முழுக்கக் கிடைக்கும் அறுவடையும்தான். வருசம் முழுக்க அறுவடை என்றால் வருசம் முழுக்கத் தளிர் இருக்கும், மருந்தும் இருக்கும். அந்தப் பெருமைப் பட்டியலில் இது வராது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாசம் கெடாமல் நோய் தாங்கும் கொடியை அவர்களிடம் கேட்க விவசாயிக்கு இருக்கும் உரிமை கூலிக்காரனுக்கும் உண்டு. மருந்தே வேண்டாம் என்றாகிவிடாது. அடிக்கும் தடவை குறையும்.

இதைச் சொன்னபோது அய்யா கேட்டார்: “தடவ கொறஞ்சா கூலியும் கொறையுமேடா?”

மருந்தடிக்கிற நாளைக்குக் கூலி கூட என்பதால்தான் போகிறார்கள். கவாத்துக்கும் குலை வெட்டுக்கும் அந்தக் கூலியைக் கேட்டு வாங்குவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை இல்லை, நம்முடைய வேலை. புதுக் கொடி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்கலாம்.