மூத்தப்பாட பிரஷ்

முதலில் நாங்கள் யாரென்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் ரெண்டு பேர். உம்மாட மகனும் சாச்சிட மகனும். நம்மட பக்கத்தில் வீடு பொம்புளைப் பிள்ளைக்குத்தானே. அதனால உம்மாட வீடும் சாச்சிட வீடும் ஒரே வளவுக்குள்ள, நடுவில் ஒரு கிணறு. மூத்தப்பா ரெண்டு வீட்டுக்கும் பொது. எங்களுக்கு வயது வித்தியாசம் ஆறு மாதம், ஒலுவில் கம்பஸில் ஒரே கலைப் பீடம். ரேசர் மட்டும் வேற வேற.

இந்தக் கட்டுரை ஷேவ் எடுக்கிற பிரஷ் பற்றியது. சிரிக்கிற ஆக்கள் சிரிச்சிட்டு வாங்க.

2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன மாதங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்ப நாங்கள் கட்ரிஜ் ரேசர் பாவிச்சவர்கள். அஞ்சு பிளேட், மேல ஒரு பச்சைப் பட்டி, விளம்பரத்தில் ஒரு கிரிக்கெட்காரர். ஒரு நாள் கல்முனை பஸாரில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். மூத்தப்பா குசினி வாசலில் கண்ணாடியைச் சாத்தி வைத்து, பழைய இரும்பு ரேசரில் ஒற்றை பிளேட்டை மாட்டி, சவர்க்காரத்தில் பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த பிளேட்டை ஒரு பெட்டி வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும். "இஞ்ச வாங்க ரெண்டு பேரும், பழக்கித் தாறன்" என்றார்.

எங்கள் முகத்தில் வேலை குறைவு. நாங்கள் தாடி வைக்கிற ஆக்கள், கன்னத்திலயும் கழுத்திலயும் லைன் மட்டும்தான் எடுப்போம். மூத்தப்பா அப்படியில்ல. எழுபதுகளில் வாத்தியார் வேலைக்குப் போன தலைமுறை. தலையில் தொப்பியும் இருக்கும், முகமும் பளபளவென்று வழிச்சிருக்கும். சுபஹு தொழுதிட்டு வந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ். சாமானுக்குத் தட்டுப்பாடு வந்த சிறிமாவோ காலத்தில் ஒரே பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசுக்குள்ள விரலால் தேய்ச்சுத் தேய்ச்சுத் தீட்டி எத்தனையோ தடவை எடுத்த கதையை, பிளேட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

அவரிடம்தான் நுரை என்றால் என்ன என்று கற்றோம். டப்பாவை அமுக்கினால் பொங்கி வருகிற நுரையில் காற்றுத்தான் கூட. பிரஷ்ஷில் எழுப்புகிற நுரை தயிர் மாதிரி இறுக்கமாக இருக்கும். தண்ணீர் கூடினால் கன்னத்தில் ஒழுகும், குறைந்தால் பசை மாதிரிக் காயும். பிரஷ்ஷின் வேலை நுரை எழுப்புவது மட்டுமில்ல. மயிரை நிமிர்த்தி, நனைத்து, இளக வைக்கிறதும் அதுதான். இளகின மயிரை ஒற்றை பிளேட் இழுக்காமல் வெட்டும். அந்த மாதத்துக்குப் பிறகு கழுத்தில் எங்களுக்குப் பருப் போட்டதில்ல.

பிரச்சினை அந்த பிரஷ்ஷில்தான் தொடங்கியது.

வெள்ளைப் பிடி, பழுப்பேறிப்போய் இருக்கும். முடி மங்கிய மஞ்சள். 1985இல், வெளிநாட்டில் வேலை செய்த மாமா முதல் லீவில் வரும்போது கொண்டுவந்தது. டேங்க் டப்பா, கம்பளிப் போர்வை, மூத்தம்மாக்கு ஒரு மணிக்கூடு, மூத்தப்பாக்கு இந்த பிரஷ். வழியில் எந்த ஊர்க் கடையில் வாங்கினார் என்று இப்போது மாமாக்கே நினைவில்ல. எங்கள் வளவு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம். அதனால 2004இல் கடல் வந்தபோதும் தப்பின சாமான்களில் அதுவும் ஒன்று. கிட்டத்தட்ட நாற்பது வருடமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் அது அவர் முகத்தில் பட்டிருக்கிறது.

நாங்கள் சொந்தமாக ஒரு பிரஷ் வாங்கலாம் என்று யூடியூப்பில் தேடத் தொடங்கினோம். அதில் வந்த முதல் பாடமே முடி எத்தனை வகை என்பது. பேட்ஜர் என்ற குளிர்நாட்டு மிருகத்தின் முடி: மெது, விலை கூட, நடுவில் கறுப்புப் பட்டி, நுனி வெள்ளை. குதிரை முடி. அப்புறம் பன்றி முடி: விலை குறைவு, விறைப்பு, மங்கிய மஞ்சள், பாவிக்கப் பாவிக்க நுனி பிளந்து மெதுவாகும். பிரஷ் வியாபாரத்தில் 'பிரிஸில்' என்று வெறுமனே எழுதியிருந்தால் அது பன்றி முடிதான்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பிறகு கிணற்றடிக்குப் போனோம்.

பிடியின் அடியில் அச்சிட்டிருந்த எழுத்தில் 'ப்யூர்' மட்டும் தெரிந்தது. அடுத்த சொல்லை நாற்பது வருடத்து விரல் அழித்துவிட்டிருந்தது. கழன்று நின்ற ஒரு முடியை எடுத்து லைட்டரில் பிடித்தோம். செயற்கை இழை என்றால் உருகி, நுனியில் மணி மாதிரி உறையும். இது சுருண்டு, மயிர் கருகின நாற்றத்தோடு சாம்பலானது. ஆகவே மிருக முடி. என்ன மிருகம் என்பதை நெருப்பு சொல்லாது. இன்னொரு முடியைப் போன் கெமராவுக்குக் கீழ வைத்துப் பெருப்பித்தோம். கறுப்புப் பட்டி இல்லை. நுனி பிளந்திருப்பது போலவும் இருந்தது, தேய்ந்திருப்பது போலவும் இருந்தது. அதற்கு மேல பெருப்பிக்கவில்லை. பெருப்பித்திருக்கலாம்.

இதை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மட ஊர்களில் ஷாபி மத்ஹபுதான். அதில் நாயும் பன்றியும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேணும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணியில். காய்ந்தது காய்ந்ததில் பட்டால் ஒட்டாது. ஆனால் ஷேவ் பிரஷ் என்றைக்குக் காய்ந்து முகத்தில் பட்டது? அரபு மொழிப் பீடத்தில் படிக்கிற கூட்டாளி ஒருவனிடம், யாருடைய பிரஷ் என்று சொல்லாமல் கேட்டோம். அவன் கிதாப் படித்த பெடியன், நிதானமாகச் சொன்னான். மாலிக்கி மத்ஹபில் பன்றியின் முடியைச் சுத்தம் என்றே எடுக்கிறார்கள். ஹனபிக் கிதாபுகளில் அது நஜீஸ்தான், ஆனால் தோல் தைக்கிறவர்களுக்கு வேறு வழியில்லாத காலத்தில் அந்த முடியைப் பாவிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்மட மத்ஹபில் பேட்ஜரும் சரிவராது. சாப்பிடக் கூடாத மிருகத்தின் முடி, செத்ததிலிருந்து எடுத்தாலும் உயிரோடு எடுத்தாலும் நஜீஸ்.

"அப்ப ஒருத்தர் தெரியாமப் பாவிச்சிட்டுத் தொழுதிருந்தா?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தெரியாம நஜீஸோட தொழுதது பிறகு தெரிய வந்தா, திரும்பத் தொழணும் என்டுதான் மத்ஹபில பலமான கருத்து. வேணாம் என்ட கருத்தும் இரிக்கி. ஆனா அது பண்டி முடி என்டு உறுதியாத் தெரிஞ்சாத்தான் இந்தப் பேச்சே. சந்தேகத்தால உறுதி நீங்காது."

நாற்பது வருடம். ஒரு நாளைக்கு அஞ்சு வக்து. ரெண்டு பேரும் கலைப் பீடம் என்றாலும் அந்தப் பெருக்கலைச் செய்ய எங்களுக்குத் தெரியும். செய்யவில்லை. அந்த முடியை ஏன் இன்னும் பெருப்பிக்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அவரிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் எழுபத்தொன்பது வயதில் அவரைக் களாத் தொழுகைக் கணக்குப் பார்க்க வைப்போம். சொல்லாவிட்டால் நாளைக்கும் அதே பிரஷ். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: காரணம் சொல்லாமல், அதைவிட நல்ல ஒன்றைக் கையில் கொடுப்பது. அவராக விரும்பி மாற வேணும். அதாவது பிரஷ் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேணும். ஏதாவது ஒரு நைலோன் துடைப்பத்தை வாங்கிக் கொடுத்தால் மூன்றாம் நாள் பழையதுக்குப் போய்விடுவார்.

இந்தக் கவலை எங்களுக்கு மட்டும் வந்ததில்ல. 2017 பெப்ரவரியில் மலேசியாவில் அதிகாரிகள் கடைகளுக்குள் புகுந்து, பன்றி முடியில் செய்ததென்று சந்தேகப்பட்ட பெயின்ட் பிரஷ்களை இரண்டாயிரத்துக்கு மேல் பறிமுதல் செய்தார்கள். சட்டம் அவற்றை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. என்ன முடி என்று எழுதி விற்க வேணும் என்றுதான் சொல்கிறது. மார்க்கத்தை விட்டுப் பார்த்தாலும் மிருக முடிக்கு ஒரு கெட்ட வரலாறு உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆசியாவிலிருந்து போன, சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடி பிரஷ்களால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஷேவ் எடுத்தவர்களுக்கு அந்த்ராக்ஸ் தொற்றியது, செத்தவர்களும் உண்டு. 1938இல் நைலோன் வந்ததும் முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷில்தான் போட்டார்கள். அதுவரை பல் பிரஷ்ஷிலும் பன்றி முடிதான் பரவலாக இருந்தது. நம்மட மூத்தவர்கள் மிஸ்வாக் குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் நியாயம் இருந்திருக்கிறது.

ஆனால் பழைய நைலோன் ஷேவ் பிரஷ் நல்ல சாமான் இல்லை. இழை தடிப்பு, தண்ணீரைப் பிடிக்காது, முகத்தில் கீறும். "நைலோன் சரிவராது" என்று வயதானவர்கள் சொல்வது அந்த அனுபவத்தில்தான். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்தது வேற இழை: மிக மெல்லியது, நுனி கூர்ந்து போகிற மாதிரிச் செய்தது. அடியில் விறைப்பு, நுனியில் பட்டு.

பஸாரில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் "எல்லாம் நைலோன்தான் தம்பி" என்று எடுத்துத் தந்ததை மூக்கில் வைத்தால் நனைந்த ஆட்டு நாற்றம். ஒன்லைனில் ஒரு இடத்தில் 'இயற்கை முடி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எதன் இயற்கை என்று கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை. முடிவில் செயற்கை இழை என்று தெளிவாக எழுதியிருந்த ஒன்றை 3,200 ரூபாவுக்கு எடுப்பித்தோம். கம்பஸ் சாப்பாட்டுக் காசில் ரெண்டு பேரும் பாதி பாதி.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: முடிக்கற்றையின் விட்டம் 24 மில்லிமீற்றர் அளவு போதும். அதைவிடப் பெரிசு மூக்குக்குக் கீழ திரும்பாது. முடியின் உயரம் 50 மில்லிமீற்றருக்குக் கிட்ட. அதற்கு மேல போனால் சில பிரஷ் வளைந்து படுத்துவிடும், சவர்க்காரத்தை அள்ளாது. வந்தவுடன் ஒரு இழையைப் பிடுங்கி நெருப்பில் பிடியுங்கள். எங்களது உருகி மணியாக நின்றது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்ட மாதிரி பரீட்சை முடிவுக்கும் சந்தோஷப்பட்டதில்ல.

செயற்கை முடியை ஊற வைக்கத் தேவையில்ல, நனைத்து உதறினால் போதும். சவர்க்காரமும் குறைவாகத்தான் போகும். கொதிதண்ணி காட்டக் கூடாது, முடியை ஒட்டின பசை இளகிவிடும். நம்மட கடற்கரை ஈரக் காற்றில் மிருக முடி காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். இது ரெண்டு மூணு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கிணற்றுத் தண்ணி உவர் என்றால் எந்த பிரஷ்ஷாலும் நுரை கஷ்டம்தான். அதற்குக் குழாய்த் தண்ணி எடுங்கள், பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை மூத்தப்பாட கையில் கொடுத்தோம். உள்ளங்கையில் அமர்த்திப் பார்த்தார். கன்னத்தில் ஒரு சுற்று. "பூனைக்குட்டி மாதிரி இரிக்கி" என்றார். அது பாராட்டா குறையா என்று தெரியவில்லை. முழுதாக எடுத்து முடித்த பிறகு கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பரவாயில்ல, நுரை கூட வருது" என்றார். பழையதை என்ன செய்கிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. அவர் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன நேரம் அதைக் கடதாசியில் சுற்றி வளவு மூலையில் புதைத்தோம்.

மிச்சம் இருந்தது அவர் நுரை அடிக்கிற சில்வர் கோப்பை. சந்தேகம் சந்தேகம்தான், ஆனாலும் பேணுதலுக்குக் கழுவிவிடுவோம் என்று கிணற்றடியில் குந்தினோம். முதல் தரம் மண் கரைத்து, பிறகு வெறும் தண்ணியில் ஒன்று, ரெண்டு என்று ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவினோம். கதையும் நடந்தது.

பின்னால் மூத்தப்பா நின்றார். தலை ஈரம், தோளில் துவாய். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஓதப்பள்ளியில் சின்ன வயதில் இந்தச் சட்டத்தை மனனமாக்கின மனுசன். மண்ணைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். எங்கள் கை நின்றுவிட்டது.

"ஆறுதான் ஆச்சு" என்றார். "இன்னொரு தரம் கழுவுங்க."

கழுவினோம். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்தத் தொழுகைகளைப் பற்றி அவர் என்ன முடிவெடுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. இஷாவுக்குப் பிறகு முன்னையைவிடக் கூட நேரம் முசல்லாவில் இருக்கிறார். வயது போனதால மெதுவாகத் தொழுவதாகவும் இருக்கலாம். புது பிரஷ்ஷை யன்னல் கம்பியில் தலைகீழாகக் கொழுவி வைத்திருக்கிறார். ஷேவ் எடுக்க முன்பு அதைப் பத்து நிமிடம் சுடுதண்ணியில் ஊற வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. தேவையில்ல, பசை இளகிவிடும் என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தோம். கேட்கிறார் இல்லை.