சட்டைப் பையில் ஒரு தாள்



"ரிட்டையர் ஆகியும் எதுக்கு சார் பையில பேப்பரும் பென்சிலும்?" என்று செம்மேடு டீக்கடையில் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துக் கொல்லிமலைக்கு வேலைக்கு வந்த காலத்தில், ஜூன் பிறந்தால் ஊர் ஊராக நடந்து பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. பெயர் சொல்வார்கள். பிறந்த தேதி கேட்டால் சிரிப்பார்கள். எல்லாம் வீட்டுப் பிரசவம். பிறப்பைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1969-லேயே வந்துவிட்டது; எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அது எங்கள் குக்கிராமங்களுக்கு வர நாளாயிற்று.

தேதி தெரியாத பிள்ளைக்கு, ஐந்து வயது நிறைந்ததாகக் கணக்குப் போட்டு மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு நாளை எழுதிவிடுவது அன்றைய வழக்கம். என் வயதுக்காரர்கள் இத்தனை பேர் ஜூனில் பிறந்ததும் இப்படித்தான்!

நான் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு, அப்போது என்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். 1993 ஜூனில் ஒரு தாய் சொன்னது, சொன்னபடியே பென்சிலில் இருக்கிறது: "எம்.ஜி.ஆர். செத்த வருசம். அதுக்கு முந்தி வந்த பெருக்கு கழிஞ்சு ரெண்டாஞ் சந்தை. நல்ல மழை."

எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. பெருக்கு என்றால் ஆடி 18, அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் அலைமோதும் நாள். ஆகஸ்ட் 3 வாக்கில் வரும். சந்தை வாரம் ஒருமுறை. இரண்டு சந்தை தள்ளினால் ஆகஸ்ட் நடுவில் நிற்கும். அந்த வாரத்துச் சந்தை நாளையே பதிவேட்டில் எழுதினேன். நாள்காட்டி இல்லாத வீட்டிலும் கணக்கு சுத்தமாக இருந்தது.

பள்ளிக்குத் திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. நாலு வீடு தாண்டினால் பெருக்கு பொங்கலாகிவிடும். அதனால் வாசலிலேயே எழுத வேண்டும். திருத்திய தேர்வுத் தாள்களின் பின்பக்கத்தை நாலாக வெட்டித் தைத்துக்கொள்வேன். பனி இறங்கும் மாதங்களில் தாள் ஈரமேறிப் பால்பாயிண்ட் பேனா எழுதாது. பென்சில்தான் மலைக்குச் சரி.

இதெல்லாம் தேவையா என்பவர்களுக்கு ஒன்று. வேறொரு பள்ளியில் அண்ணனையும் தம்பியையும் ஒரே நாளில் சேர்த்து, ஆளுக்கு ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். சான்றிதழ்படி இருவருக்கும் இருபது நாள்தான் இடைவெளி. ஒரே தாய் வயிற்றில்! அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்த்தபோது தம்பி மாட்டிக்கொண்டான். இரண்டு வருடம் அலைந்தான். அந்த வேலையும் போயிற்று.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன பேசினார்கள் என்றெல்லாம் கேட்டதும் பார்த்ததும் அதில் இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷி எழுதியதை இன்று வரலாற்று ஆசிரியர்கள் தேடிப் படிக்கிறார்கள். என் தாளைத் தேடி வந்தவர்கள் வேறு ரகம்: வங்கிக் கணக்குக்கு வயது கேட்டார்கள் என்று வந்த பழைய மாணவர்கள். எனக்கு அது போதும்.

போனில் எழுதலாமே என்கிறான் பேரன். எழுதலாம்தான். ஆனால் போனை எடுத்ததும் கிழவிகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், போட்டோ எடுக்கிறேன் என்று நினைத்து. பென்சிலை எடுத்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்கிறார்கள்.

இந்த வாரத் தாளில் மிளகு விலை இருக்கிறது; மனைவியின் மாத்திரைப் பெயர் இருக்கிறது. கீழே, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதச் சொன்ன ஒரு அம்மா சொன்னது: "மலைக்கு ரோடு போட்டப்போ கல்லு சுமந்தேன். அப்பத்தான் வயசுக்கு வந்திருந்தேன், வாத்தியாரே." எந்தப் பக்கத்து ரோடு, எந்த வளைவு வரை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதையும் குறித்துக்கொண்டேன்.