எட்டு வெட்டு, நாலு மூலை

தஞ்சாவூர் ஓவியம் கனமானது. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அதற்குமேல் கண்ணாடி வேறு. சுவரில் மாட்டிய பிறகு இத்தனை பாரத்தையும் தாங்குவது தேக்குச் சட்டத்தின் நான்கு மூலைகள்தாம். ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; மூலை சேர்ப்பவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அந்த வேலையைப் பார்க்கத் தஞ்சையில் ஒரு சட்டப் பட்டறைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. நடுவில் டேபிள் ரம்பம். மேஸ்திரி முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மேசையில் கை வைத்தார். பிளேடுக்கு இரு பக்கமும் ஆறு நூல் அகலத்தில் பள்ளம் ஓடுகிறது. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச். அந்தப் பள்ளத்தில் வழுக்கிப் போகும் இரும்புப் பட்டையும், அதன்மேல் கோணம் திருப்பும் அரைவட்டத் தலையும் சேர்ந்ததுதான் மைட்டர் கேஜ். மரத்தை அதில் அணைத்துத் தள்ளினால், வைத்த கோணத்தில் வெட்டு விழும்.

பட்டை பள்ளத்தில் ஆடினால் கோணமும் ஆடும். அதற்காகப் பட்டையின் ஓரத்தில் பஞ்ச் உளியால் நாலைந்து புள்ளி குத்தியிருந்தார். குத்திய இடம் லேசாகப் புடைத்துக்கொள்வதால் ஆட்டம் நின்றுவிடுகிறது. அடுத்து, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, கேஜில் கட்டிய குச்சி அதைத் தொடும்படி வைத்தார். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி, கேஜையும் பின்னால் தள்ளினார். அங்கேயும் குச்சி அதே அளவுக்கு உரசியது. உரசாமல் போனால் மேசையின் போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்ய வேண்டுமாம்.

“கேஜில் 90, 45 என்று கோடு போட்டிருக்கிறதே?” என்றேன்.

“கோடு பேருக்குத்தான் சார். மரம் சொல்றதத்தான் கேக்கணும்.”

ஒரு துண்டுப் பலகையை 90-இல் வெட்டி, ஒரு பாதியைக் குப்புறப் புரட்டி, வெட்டு முகங்களைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். கோணம் பிசகியிருந்தால் இடைவெளி இரண்டு மடங்காகக் காட்டிக்கொடுக்கும். 45-க்கும் அப்படித்தான்: இரண்டு துண்டை வெட்டிச் சேர்த்து, உள்மூலையில் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறார். ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி தவறினாலும் கடைசி மூலை நாலு டிகிரி வாய் பிளந்து நிற்கும்.

கோணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். கேஜின் முகத்தில் ஒரு நீளப் பலகையைத் திருகி, மரம் நழுவாதிருக்க அதில் உப்புத்தாள் ஒட்டி, அளவுக்கு ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கினார். அதன் பிறகு டேப்பையே எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் கட்டையோரத் தூளைப் பிரஷால் தட்டினார். அங்கே ஒரு சிட்டிகைத் தூள் தங்கினாலும் நீளம் மாறிவிடுமே!

மிஷின் ஓடும்போது உதவியாள் பையன், நீளவாக்கில் அறுக்க உதவும் பக்கவாட்டு வழிகாட்டியை அருகே நகர்த்தப் போனான். “அத எடுடா!” என்று அதட்டினார். வெட்டுண்ட துண்டு அந்த வழிகாட்டிக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கினால் ஆளை நோக்கிப் பாய்ந்து வரும். மைட்டர் கேஜ் வைத்துக் குறுக்கே அறுக்கும்போது அதை அளவுக்குப் பயன்படுத்தவே கூடாது. கையுறையும் அங்கே கிடையாது. பிளேடு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்தச் சரிபார்ப்புக்கெல்லாம் தனிக் கூலி இல்லை. கடைக்காரர் சட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார். அவசரப்படுத்தினால் என்ன ஆகும்? மூலை பிளக்கும், மக்கு அடைத்து பாலிஷ் போட்டு மறைப்பார்கள். சில வருஷத்தில் மக்கு உதிர்ந்து, பாரம் மூலையை இழுக்கும்.

அடுத்த முறை தஞ்சாவூர் ஓவியம் வாங்கும்போது சாமியின் முகத்தைப் பார்த்த கையோடு நான்கு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாத மூலைக்குக் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.