மறுகா

“இத ஒருக்காப் பாத்துட்டு மறுகா அங்கால போவம் மனே.”

முதுகுக்குப் பின்னால் கேட்டது. லண்டனில் தமிழ் கேட்பது பெரிய புதினமில்லை. ‘மறுகா’ கேட்பதுதான் புதினம். யாழ்ப்பாணத்தார் பிறகு என்பார்கள், இந்தியாக்காரர் அப்புறம் என்பார்கள். மறுகா என்றால் ஆள் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, இல்லாவிட்டால் படுவான்கரை. உன்னிச்சையிலிருந்து படிக்க வந்து இரண்டு மாதமாகியும் அந்தச் சொல் காதில் விழுந்தது அன்றுதான். நான் திரும்பவில்லை. மெதுவாக நகர்ந்து சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

2015 நவம்பர், ஒரு சனிக்கிழமை. இம்பீரியல் போர் நூதனசாலை. முதலாம் உலகப்போர் முடியுமுன்னமே, 1917இல், அந்தப் போருக்கே நூதனசாலை வைக்கத் தீர்மானித்தவர்கள் இந்த ஊர்க்காரர். கட்டடம் அதற்கு முன்பு பெத்லம் மனநோய் ஆஸ்பத்திரியாக இருந்ததாம். இதைச் சொல்லிச் சிரிக்காமல் யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுமண்டபம் ஆகாயம் வரை திறந்து கிடக்கிறது. மேலே ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்குகிறது, ஹரியர் தொங்குகிறது. ஜெர்மன்காரர் 1944இல் லண்டன் மீது ஏவத்தொடங்கிய வி-2 ரொக்கெற்றில் ஒன்று தென்னைமரம்போல நிமிர்ந்து நிற்கிறது. கீழே ரஷ்ய டாங்கி. எல்லாவற்றுக்கும் வர்ணம் பூசித் துடைத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களின் கோட்டுகளில் சிவப்புக் கடதாசிப் பொப்பிப் பூ. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் ஒருவர் கைநிறையப் பூ வாங்கினால், ஆருக்கு என்று பார்க்க ஆள் இருக்கும்.

மறுகா சொன்ன அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். சேலைக்கு மேல் ஓர் ஆம்பிளைக் குளிர்ச்சட்டை, கை இரண்டு மடிப்பு மடித்திருந்தது. மருமகனுடையதாக இருக்கும். காலில் வெள்ளைச் சப்பாத்து. கையில் சாமான் பை, அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி. கூட வந்த பேரனுக்கு எட்டு வயது மதிக்கலாம். அவனுக்கு டாங்கி வேண்டும். ஒரு காலை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றான்.

அம்மா நின்றது காருக்கு முன்னால்.

கார் என்று சொன்னால்தான் கார். தரையோடு தரையாக நசிந்து, கூரையும் கதவும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, முழுக்கத் துரு. கண்ணாடி இல்லை, இருக்கை இல்லை. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு டாங்கிக்கு ஓடினார்கள். ஒரு தகப்பன் குனிந்து பார்த்தார், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு போனார்.

“என்ன எழுதியிருக்கெண்டு வாசி.”

பொடியன் வேகமாக ஆங்கிலத்தில் வாசித்தான்.

“தமிழில சொல்லு மனே.”

“கார். பொம். புத்தகக் கடை.” அவனிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். பரவாயில்லை, விஷயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பக்தாத்தில் முத்தனப்பி தெரு என்று பழைய புத்தகச் சந்தை. பத்தாம் நூற்றாண்டு அரபுக் கவிஞர் ஒருவரின் பெயர். அங்கே ஒரு குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். மிஞ்சிய இந்தக் காரை ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் 2009இல் அமெரிக்கா முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தார். கூடவே ஓர் ஈராக்கியரும் ஓர் அமெரிக்கப் படைவீரரும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல. மறு வருடம் நூதனசாலைக்கு வந்தது. துருவைத் துடைக்காமல் வைத்தது நல்ல காரியம்.

“எப்ப நடந்ததாம்?”

“2007. மார்ச்.”

“மார்ச்சில எத்தினையாம் திகதி?”

“அஞ்சு.”

அம்மா பையை முழங்கைக்கு ஏற்றினார். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போனது.

“அண்டைக்கு நாங்க வீட்டதான் இருந்த,” என்றார். “மறுகா மூணு நாலு நாளையாலதான் வெளிக்கிட்ட.”

பொடியன் டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆறாங் கட்டையில கிடந்த மெசினும் இந்த நிறந்தான்.”

ஆறாம் கட்டை. எங்கள் றோட்டில் ஊர்களுக்குக் கட்டைதான் அடையாளம். அந்த மெசின், அதாவது உழவு இயந்திரம், எனக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரும்போக வெட்டு முடிந்த நேரம். மெசின் பெட்டியில் நெல்லு மூடை அடுக்கியிருந்தது. செல் விழ விழ அப்பாவும் சித்தப்பாவும் மூடைகளை முற்றத்தில் உருட்டிவிட்டு, அயலுக்குள் இருந்த கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றினார்கள். ஆயித்தியமலை, வவுணதீவு, வலையிறவுப் பாலம், அதைத் தாண்டினால் டவுன். அந்த மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்து நின்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழ் எங்களுக்கு இடம் கிடைத்தது. திரும்பி வந்தபோது, உருட்டிவிட்ட மூடைகள் கிடந்த இடத்தில் சாக்கைத் துளைத்துக்கொண்டு நாற்று முளைத்து, மாடு மேய்ந்த மிச்சம் நின்றது. என் அம்மா அதைப் பிடுங்க விடவில்லை, காயும்வரை.

அந்தப் பெட்டியில் இந்த அம்மாவும் இருந்திருப்பாரோ? ஒரு அடி எடுத்து வைத்து “எந்த ஊர்?” என்று கேட்டால் தெரிந்துவிடும். வெளிநாட்டில் சொந்த ஊராளைக் கண்டால் வேறு யாரும் கட்டிப்பிடிப்பார்கள். எங்களுக்கு அது அவ்வளவு லேசில்லை. எந்த ஊர் என்றால் அடுத்தது ஆர்ர மகன் என்று வரும். அதற்குப் பிறகு எந்த ஓட்டத்தில் ஓடின, 1990இலா, 2007இலா என்று வரும். 2004இல் இயக்கம் இரண்டாக உடைந்தபோது உங்கட வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் என்பது மட்டும் வாயால் வராது, கண்ணால் வரும். சனிக்கிழமைக்குப் பேரனைக் கூட்டிவந்த மனுசி. சுவரோரமே நின்றேன்.

பொடியன் கடைசியில் டாங்கிக்குப் போனான். அம்மா பின்னால் போய் அண்ணாந்து ஸ்பிட்ஃபயரைப் பார்த்தார்.

“கிபிரவிடச் சின்னன்.”

பொடியன், “கிபிர் எண்டா?” என்றான்.

“இரைச்சல்,” என்றார்.

கட்டடத்துக்கு வெளியே இரண்டு பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள், பதினைந்து அங்குல வாய், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு தொன். போர்க்கப்பல்களில் இருந்தவை, 1968 முதல் பூந்தோட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. அதற்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. புதுமணத் தம்பதி ஒன்று எடுத்தது. பள்ளிக்கூடப் பெட்டைகள் நாலு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு எடுத்தார்கள். நானும் வரும்போது எடுத்திருந்தேன், என் அம்மாவுக்கு அனுப்ப.

படியிறங்கிய பேரன் நேரே அதற்கு முன்னால் ஓடினான். அம்மா கூப்பிடவில்லை. ஈரப் புல்லில் இறங்கி, வெள்ளைச் சப்பாத்து சேறாக, வாய் நோக்கிய திசைக்குப் புறத்தால் பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு போய், படலையடியில் நின்று கையைக் காட்டினார்.

“கிறுகி வா மனே.”