இரண்டு வரிச் செய்தி

நீண்ட காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். எழுதிய செய்திகளுக்காக வெட்கப்பட்ட சந்தர்ப்பங்கள் சில உண்டு. எழுதாமல் விட்ட செய்திகளுக்காக வெட்கப்பட்ட சந்தர்ப்பங்கள் அவற்றிலும் அதிகம். அவற்றுள் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1984ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி இரவு. லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியிருந்தன. அப்போது நான் பணியாற்றிய நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பு அன்றிரவு என்னுடையது. டெலிபிரிண்டரில் வந்து குவிந்த செய்திகளுள் இரண்டு சைக்கிளோட்டம் பற்றியவை. ஆண்களுக்கான வீதிச் சைக்கிளோட்டத்தில் அமெரிக்கரான அலெக்ஸி கிரேவால் தங்கப் பதக்கம் வென்றிருந்தார். அவருடைய தந்தையார் இந்தியாவிலிருந்து குடியேறிய சீக்கியர். நம் பக்கத்து மனிதர் என்ற உரிமையோடு அந்தச் செய்திக்கு ஒரு தலைப்பும் பதினைந்து வரிகளும் கொடுத்தேன்.

மற்றைய செய்தி பெண்களின் போட்டி பற்றியது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்குச் சைக்கிளோட்டம் நடத்தப்பட்டது அதுவே முதல் தடவை. கொனி கார்ப்பெண்டர், ரெபெக்கா ட்விக் என்ற இரு அமெரிக்க வீராங்கனைகள் முடிவுக் கோட்டை ஏறத்தாழ ஒன்றாகவே கடந்தார்கள். ஒரு சக்கரத்தின் பாதியளவுகூட இல்லாத வித்தியாசத்தில் கார்ப்பெண்டர் வென்றார். பதினான்கு வயதிலேயே குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கலந்துகொண்டவர் அவர். எந்தப் பத்திரிகையாளனும் விரும்பும் கதை. நான் அதற்குக் கொடுத்தது இரண்டு வரிகள். "பெண்கள் பிரிவில் அமெரிக்க வீராங்கனை முதலிடம் பெற்றார்" என்பதுதான் அதன் சாரம். பக்கத்தில் இடமில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். அவருடைய பெயரைக்கூட நான் போடவில்லை.

அன்றிரவு வேலை முடிந்து சைக்கிளில்தான் வீடு சென்றேன். சரளைக் கற்கள் பெயர்ந்து கிடந்த ஒழுங்கையில் கைப்பிடி அதிர, பற்கள் ஒன்றோடொன்று மோதச் சென்றபோதும் அந்தப் பெண்களின் நினைவு எனக்கு வரவில்லை.

அது வந்தது முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர்.

ஐரோப்பாவில் வசந்தகாலம் பிறந்ததும் தொடங்குகின்ற ஒருநாள் சைக்கிளோட்டங்களுக்குப் பெரும் மதிப்புண்டு. 'கிளாசிக்' என்று அவற்றை அழைக்கிறார்கள். அவற்றுள் மிகக் கொடியது பிரான்சின் வடபகுதியில் நடைபெறும் பரிஸ்–ரூபே. ரூபே ஒரு நெசவாலை நகரம். தியோடோர் வியென், மொறிஸ் பெரஸ் என்ற இரு ஆலை முதலாளிகள் அங்கே ஒரு சைக்கிளோட்ட அரங்கைக் கட்டினார்கள். அதற்கு ஆட்களைத் திரட்டவே இந்தப் போட்டியை நடத்தும் யோசனை அவர்களுக்குத் தோன்றியது. 1896இல் நடந்த முதற்போட்டியில் ஜெர்மனியரான ஜோசப் ஃபிஷர் வென்றார்.

இந்தப் போட்டிக்கு 'வடக்கின் நரகம்' என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கிடைத்ததில் எம் தொழிலுக்கும் பங்கிருக்கிறது. முதலாம் உலகப்போர் முடிந்ததும், 1919இல், பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போட்டி ஏற்பாட்டாளர்களும் பத்திரிகையாளர்களும் சென்றார்கள். குண்டுகள் விழுந்த பள்ளங்களும் கருகிய மரங்களும் சிதைந்த ஊர்களுமே அவர்கள் கண்ட காட்சி. அதை எழுத அவர்களுக்கு நரகம் என்ற சொல்தான் கிடைத்தது. போர் தந்த பெயர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. இன்று அது பாதையிலுள்ள கற்களைக் குறிப்பதாகவே எண்ணுகிறார்கள்.

அந்தக் கற்களும் இலேசானவை அல்ல. வயல்களுக்கு நடுவே செல்லும் பழைய வண்டிப் பாதைகளில் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. பாதையின் நடுப்பகுதி முதுகுபோல உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். மழை பெய்தால் ஓரமெல்லாம் சேறு. ஓட்டுபவர்கள் சக்கரத்தில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். கைப்பிடியை இறுகப் பிடித்தால் அதிர்ச்சி முழுவதும் தோளுக்கு ஏறும். தளர்த்திப் பிடித்தால் கை வழுக்கும். வேகத்தைக் குறைத்தால் குலுக்கல் இன்னும் மோசமாகும் என்பதால், பயப்படும் இடத்தில்தான் வேகமாகச் செல்லவேண்டும். வெல்பவருக்குக் கிடைக்கும் கிண்ணமும் அந்தப் பாதையின் கருங்கல் ஒன்றுதான்.

இந்தப் பாதை பெண்களுக்கு ஆகாது என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் போட்டி பெண்களுக்கு 2004இலேயே தொடங்கிவிட்டது. லியேஜ் 2017இல் தொடங்கியது. ரூபே மட்டும் கதவைத் திறக்கவில்லை. ஒருவாறு 2020இல் நடத்துவதாக அறிவித்தார்கள். கொரோனா வந்தது. போட்டி கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலுக்கு வைத்தார்கள். அதுவும் தள்ளிப்போனது. கடைசியில் அந்த ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, வசந்தகாலப் போட்டி இலையுதிர் காலத்தில் நடந்தது. ஆண்களின் முதற்போட்டிக்கு 125 ஆண்டுகளின் பின்னர்!

அன்று மாலை கணினித் திரையின் முன் அமர்ந்திருந்தேன். 116.4 கிலோமீற்றர் தூரம். அதில் 17 கற்பாதைகள், மொத்தம் 29.2 கிலோமீற்றர். முடிவுக்கு இன்னும் 82 கிலோமீற்றர் அளவில் இருக்கையில், முதலாவது கற்பாதைக்குச் சற்று முன்னதாக, பிரித்தானிய வீராங்கனை லிஸி டெய்க்னன் முன்னே சென்றார். அது அவருடைய அணி வகுத்த திட்டமல்ல என்று பின்னர் அவரே கூறினார். அணித் தோழியருக்குத் துணையாக இருப்பதே அன்று அவருக்குரிய வேலை. திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. பிறகு அவர் நிற்கவே இல்லை.

சேறும் ஈரமும் நிறைந்த கற்களின் மேல், பின்சக்கரம் வழுக்கி வழுக்கித் திரும்பிவரத் தனியாக ஓட்டினார். கையுறை அணியவில்லை. ரூபே அரங்கில் கைகளை உயர்த்தியபோது உள்ளங்கைகளில் இரத்தம். சைக்கிளின் கைப்பிடியிலும் இரத்தம். இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் மரியான் வொஸ், ஒரு நிமிடமும் 17 விநாடிகளும் பின்னால். டெய்க்னன் அப்போது மூன்று வயதுப் பெண்குழந்தையின் தாய்.

பரிசுத்தொகை விபரம் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். ஆண்களின் வெற்றியாளருக்கு 30,000 யூரோ. அவருக்கு 1,535 யூரோ. அவருடைய அணியே முன்வந்து மிகுதியை ஈடுசெய்தது. கல் இருவருக்கும் ஒன்று. கணக்கு மட்டும் வேறு.

இந்தக் கணக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. உடனே, 1984இல் நானும் ஒரு கணக்குப் போட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. பதினைந்து வரிகளுக்கு இரண்டு வரிகள்! கோபம் அத்தோடு அடங்கிவிட்டது.

இளைய தலைமுறையின் கதை இன்னும் சுவையானது. சுவீடனைச் சேர்ந்த மக்னஸ் பெக்ஸ்டெட் 2004 ஏப்ரலில் பரிஸ்–ரூபே போட்டியில் வென்று கருங்கல்லைப் பெற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். பெயர் சோயி. தாயும் பிரித்தானியாவின் சைக்கிளோட்ட வீராங்கனையே. தந்தை வென்ற போட்டியில் மகள் கலந்துகொள்ள வழியில்லை என்ற உலகத்தில்தான் அவள் பிறந்தாள். 2021 செப்டெம்பர் 25ஆம் திகதி, பதினேழு வயது நிறைந்த மறுநாள், அவள் கனிஷ்ட பெண்களுக்கான உலக வீதிச் சைக்கிளோட்டப் பட்டத்தை வென்றாள். சரியாக ஒரு வாரத்தில் ரூபேயின் கதவு பெண்களுக்குத் திறந்தது. தாய்மார் தலைமுறை தட்டிய கதவின் வழியே மகள்மார் நடந்துசெல்வதை நான் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் கண்டதில்லை.

அதன் பின்னர் இத்தாலியின் எலிசா லொங்கோ போர்கினி 2022இலும், கனடாவின் பண்ணைப் பெண் அலிசன் ஜக்சன் 2023இலும், பெல்ஜியத்தின் லொட்டே கொபெக்கி 2024இலும் வென்றார்கள். 2025இல் வென்ற பிரான்சின் போலின் ஃபெரான்-பிரெவோ அதே கோடையில் பெண்களுக்கான பிரான்ஸ் சுற்றுப் போட்டியையும் வென்றார். அணிகளும் மாறியிருக்கின்றன. பெண்களின் முதற்தர அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் மகப்பேற்று விடுமுறையும் 2020இல்தான் விதியாகின. அதற்கு முன்னர் பகலில் வேறு தொழில் செய்து பயிற்சிக்கு நேரம் தேடிய பெண்கள் பலர்.

பெண்களால் முடியாது என்பதைக் கற்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர்கள் ஏற்பாட்டாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், என்னைப்போல் இரவில் பக்கம் தயாரித்தவர்கள். "பார்ப்பதற்கு ஆளில்லை, ஆகவே காட்டவில்லை" என்றோம். காட்டாததால் ஆளில்லை என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. 1919இல் பாதையைப் பார்க்கச் சென்ற பத்திரிகையாளர்கள் ஒரு சொல்லால் அந்தப் போட்டிக்கு அழியாத பெயரைக் கொடுத்தார்கள். ஒரு பெயரை விட்டுவிடுவதும் அதே அளவு வலிமையுள்ள செயல் என்பதை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. நானும் பலகாலம் கற்கவில்லை.

அன்றைய பக்கத்தை இனித் திருத்தி அச்சிட முடியாது. ஆயினும் பிழைதிருத்தம் வெளியிடுவது பத்திரிகை தர்மம். ஆகவே தாமதத்துக்கு வருந்தி இதைப் பதிவு செய்கிறேன்: 1984 ஜூலை 29ஆம் திகதி ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடைபெற்ற பெண்களுக்கான வீதிச் சைக்கிளோட்டத்தில் முதலிடம் பெற்றவரின் பெயர் கொனி கார்ப்பெண்டர்.