இலேசான கூரைக்கு ஓர் அத்திவாரம்

முன்னேஸ்வரத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவு மணற்பாங்கானது. ஆறு தென்னைகள், ஒரு கிணறு, மிச்ச இடமெல்லாம் உம்மாவின் நாற்றுகள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் மரக்கறி விலை இறங்கவில்லை. வீட்டுச் சமையலுக்கென்று உம்மா அப்போது கொச்சியும் கறிமிளகாயும் கத்தரியும் போட்டார். அயலவர்கள் கன்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது நாற்று விற்பனையானது. இன்று என் பஸ் காசும் தங்கையின் கொப்பிச் செலவும் அந்த நாற்றுத் தட்டுகளிலிருந்துதான் வருகின்றன. ஆனாலும் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான்: "உம்மாவின் பொழுதுபோக்கு."

ஒக்டோபர், நவம்பர் மழைதான் எங்களுக்குச் சோதனை. இரண்டு இலை விட்ட நாற்றின் மீது பெரிய மழைத்துளி விழுந்தால் தண்டு சாய்ந்துவிடும். தும்புச்சோற்றில் ஈரம் கட்டி நின்றால் அடித்தண்டு அழுகிப்போகும். கம்புகளை நட்டு மேலே பொலித்தீன் கட்டிப் பார்த்தோம். ஒரு பின்னேரம் இடிமழைக்கு முன்னால் வந்த காற்று பொலித்தீனைக் கம்புகளோடு பிடுங்கி அடுத்த வளவு வேலியில் கொண்டுபோய்ப் போட்டது. அன்றைய மழையில் நானூறு நாற்றுகள் போயின. அந்த மாதம் உம்மாவின் கையில் காசே இல்லை.

இனி நிலையாக ஒரு பசுமைக்குடில் போடுவது என்று உம்மா முடிவெடுத்தார். சீட்டுக் காசு கைக்கு வந்த நேரம் அது. சாச்சாவுக்கு மனம் ஒப்பவில்லை. "நாலு குழாயை மண்ணுல குத்தினாப் போதுந்தானே மதினி. பொழுதுபோக்குக்கு யாராவது அத்திவாரம் போடுவாங்களா?" என்றார். "குத்தினது எங்க போச்சுன்னு வேலியைக் கேளுங்க தம்பி" என்றார் உம்மா.

பசுமைக்குடில் என்றதும் நமக்குக் குளிர்நாட்டுக் கண்ணாடி வீடுகள் நினைவுக்கு வரும். இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளில் முளைக்கவைத்த இறப்பர் கன்றுகள் 1876 ஆம் ஆண்டு கப்பலில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கே கண்ணாடியின் வேலை சூட்டை உள்ளே பிடித்து வைப்பது. நம் கரையோரத்தில் சூட்டுக்குக் குறைவில்லை. மழையைத் தடுக்கவும் பூச்சியை மறிக்கவும்தான் குடில் வேண்டும். எனவே மேலே பொலித்தீனும் சூடு வெளியேறச் சுற்றிவர வலையும் போடுவார்கள். இதனால் வேறொரு தொல்லை வருகிறது. வலைக்குள்ளால் நுழையும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். விரித்த குடையைக் காற்றில் பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

வேலைக்கு வந்த மேசன் அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: "வீட்டு அத்திவாரம் பாரம் தாங்க, இது பறக்காம இருக்க." நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 25 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தும். எங்கள் குடில் 12 அடிக்கு 16 அடி, அதாவது சுமார் 18 சதுர மீற்றர். அந்த அழுத்தம் முழுவதும் கூரையை மேலே தள்ளினால் 450 கிலோ. குழாய்களின் பாரம் அதற்கு எந்த மூலைக்கு? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், இரண்டு அடி ஆழமான கொங்கிறீற்றுக் கட்டி ஒன்று 135 கிலோ வரும். எட்டுத் தூணுக்கு எட்டுக் கட்டி என்றால் ஆயிரம் கிலோவைத் தாண்டும். மூன்று மூடைச் சீமெந்து போதுமாக இருந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனை அவிழ்த்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லிவைத்தார்.

தேங்காய் விழாத தூரம் பார்த்து இடம் குறித்தோம். நூல் கட்டி மூலைமட்டம் பார்த்தது நானும் தங்கையும்தான். 12, 16 பக்கங்களுக்கு மூலைவிட்டம் 20 அடி வர வேண்டும். வகுப்பில் எழுதிய பைதகரசின் தேற்றம் வளவு மணலில் சரியாக வந்தது. குழி சரியாமல் பலகை அடைத்தோம். குழாய் உருவிக்கொண்டு வராமல் அதன் அடியில் குறுக்குக் கம்பி ஒன்றைச் செருகினோம். உப்புக்காற்றில் குழாய் நிலமட்டத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆகவே கொங்கிறீற்றை நிலத்துக்கு மேல் மூன்று அங்குலம் உயர்த்தி, தண்ணீர் தேங்காதபடி நாலு பக்கமும் சரித்துவிட்டார் மேசன் அண்ணன். 25 மில்லிமீற்றர் மழைக்கு அந்தக் கூரையிலிருந்து 450 லீற்றர் தண்ணீர் இறங்கும். அது தூணடி மணலை அரிக்காமல் இரு பக்கமும் கான் வெட்டித் தென்னைகளுக்குத் திருப்பினோம்.

குழி வெட்டும்போது தென்னை வேர்கள் கயிறு கயிறாக வந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அத்தனை உயரத்தையும் காற்றில் பிடித்து வைத்திருப்பவை, பெருவிரல் தடிப்புக்கூட இல்லாத அந்த வேர்கள்தான். உம்மா ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

குடில் இரண்டு மாரிகளைக் கண்டுவிட்டது. நாற்றுகள் நனையவில்லை. "பொழுதுபோக்கு" என்ற சொல் வீட்டிலிருந்து முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சாச்சா இன்னும் சொல்வார். ஆனால் போன மாதம் தன் வீட்டுக்குக் கத்தரி நாற்று ஐம்பது வேண்டுமென்று கேட்டு, முற்பணமும் தந்துவிட்டுப் போனார். நம் வீடுகளில் பெண்கள் செய்யும் எத்தனையோ வேலைகள் இலேசானவை என்று எண்ணப்படுவதால், அவற்றுக்கு ஒரு கல்லும் வைக்கப்படுவதில்லை. இலேசானதைத்தான் காற்று முதலில் தூக்கும். எட்டுக் குழிகளுக்குக் கொங்கிறீற்றுப் போட்ட அந்த நாள்வரை, உம்மாவின் உழைப்புக்கென்று எங்கள் வளவில் நிலையாக எதுவும் இருந்ததில்லை.